மருந்து அடிக்கும் முன் ஒரு குறிப்பு

தென்மேற்குப் பருவமழை இறங்கி மூட்டம் கட்டிவிட்டால் அட்டனிலும் தலவாக்கலையிலும் தேயிலைக் கொப்புள நோய்ப் பேச்சு தொடங்கிவிடும். எந்த மலைக்கு முதலில் மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதோடு அது முடிந்தும் விடும். கொழுந்தைக் காப்பது நம் கடமைதான். ஆனால் இந்த மலைகளின் பங்கசுக்கள் உலக உயிரியலுக்கே பாடம் சொன்னவை. அந்தப் பாடத்தை நாம் பாதியில் விட்டுவிடக் கூடாது.

1869இல் மடுல்சீமைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு கண்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, ஆய்வாளர்கள் பார்க்லியும் புரூமும் அந்த ஆண்டே அதன் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். 1880இல் இலங்கை வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அதன் வித்தி காற்றில் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைவாய் வழியே உள்ளே போவதை நிறுவினார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்றும் எடுத்துரைத்தார். கோப்பி அழிந்தது. தாவர நோயியலோ அந்த ஆய்வால் வலுப்பெற்றது.

கோப்பியின் இடத்தைப் பிடித்த இலங்கைத் தேயிலைக்கு 1946இல் கொப்புள நோய் வந்தது. அதன் பங்கசான எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ் உயிருள்ள இளந்தளிரில் மட்டுமே வாழ்வது. அதைப் படிக்க மலைக்குத்தான் போகவேண்டும். விஸர், சண்முகநாதன், சபாநாயகம் மூவரும் வெயிலும் மழையும் இந்நோயை எப்படி ஆள்கின்றன என்பதை 1961இல் வெளியிட்டனர். 1967இல் கெர், ரொட்ரிகோ இருவரும் நோயை முன்னறியும் முறையை எழுதினர். நாட்காட்டியைப் பார்த்து மருந்தடித்த வழக்கத்துக்குப் பதிலாக வானிலையைப் பார்த்து முடிவெடுக்கும் வழி பிறந்தது இப்படித்தான்.

தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டின் கதை இன்னும் வியப்பானது. அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் தானே கொண்டுவந்து வளர்க்கும் பங்கசையே உண்கிறது. அந்தப் பங்கசை 1947இல் விவரித்தவர்கள் இங்கே பணியாற்றிய காட், லூஸ் இருவரும். அதே கூட்டத்து வண்டுகள் பின்னர் இஸ்ரேலிலும் கலிபோர்னியாவிலும் வெண்ணெய்ப்பழ மரங்களைத் தாக்கியபோது, அங்குள்ள ஆய்வாளர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இலங்கைப் பங்கசு இருந்தது.

இவை அனைத்துக்கும் தொடக்கம், ஒருவர் இலையையோ தண்டையோ உற்றுப் பார்த்துத் திகதியோடு எழுதி வைத்ததுதான். இன்று மழையின் முறை மாறிவருகிறது. பழைய முன்னறிவிப்புகளைப் புதிய தரவோடு உரசிப் பார்க்கவேண்டிய காலம் இது. ஆய்வுகூடம் மட்டும் அதைச் செய்துவிட முடியாது.

எனவே தோட்ட அதிகாரிகளுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் நம் வேண்டுகோள் இது: மருந்து தெளிக்கும் முன் மலையின் பெயர், உயரம், கவ்வாத்து வெட்டிய திகதி, மழை, வெயில் நேரம், நூறு தளிரில் எத்தனையில் கொப்புளம் என்பவற்றைக் குறித்து வையுங்கள். கொப்புளத்தை முதலில் காண்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்கள் சொல்வதையும் அந்தக் குறிப்பில் சேருங்கள். வழக்கத்துக்கு மாறான அறிகுறி தெரிந்தால் மாதிரியைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.