பாத்திமா: பால் மறந்த பிள்ளையின் பெயர்

பெண் குழந்தை பிறந்துவிட்டால் போதும், ஆளாளுக்குப் போனை எடுத்துப் பெயருக்கு அர்த்தம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஒளி, நிலா, ரோஜா என்று வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 'பாத்திமா' என்று தேடியவர்கள்தான் கொஞ்சம் குழம்பிப்போகிறார்கள். 'பால்குடியை மறக்கச் செய்பவள்' என்று வருகிறதே! பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத சிசுவுக்கு இப்படி ஒரு பெயரா?

அரபியில் 'ஃபதம' என்றால் துண்டிப்பது, தாய்ப்பாலை நிறுத்துவது. பால் நிறுத்தும் பருவம் 'ஃபிதாம்'. பால் மறந்த பிள்ளை 'ஃபதீம்'. நிறுத்துகிறவள் ஃபாத்திமா.

மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடித்த பாட்டிகளைக் கேளுங்கள், இந்தப் பெயரின் கனம் புரியும். பாலூட்டும் முழுக் காலம் இரண்டு ஆண்டுகள் என்கிறது திருக்குர்ஆன். தடுப்பூசியும் மருந்தும் இல்லாத அந்தக் காலத்தில், பால் மறக்கும் வயதுவரை பிள்ளை பிழைத்துக் கிடப்பதே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் இது ஒரு வேண்டுதல். இவள் பிழைக்க வேண்டும், வளர வேண்டும், ஒருநாள் தன் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் தாயாக நிற்க வேண்டும். ரோஜாவையும் நிலாவையும்விட இது ஒருபடி மேல் இல்லையா?

நரக நெருப்பிலிருந்து விலக்கப்பட்டவர் என்று மார்க்க ரீதியாக விளக்கம் சொல்பவர்களும் உண்டு. 'விலக்குதல்' என்ற அதே வேரிலிருந்து வரும் விளக்கம்தான் அதுவும்.

நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமா நாயகியால்தான் இந்தப் பெயர் உலகமெங்கும் போனது. ஆனால் பெயர் அவருக்கும் முந்தியது. நபிகளாரின் தந்தையைப் பெற்ற பாட்டி ஒரு பாத்திமா. மருமகன் அலி அவர்களின் தாயாரும் பாத்திமாதான். ஒருமுறை நபிகளார் ஒரு பட்டுத் துணியை அலியிடம் கொடுத்து, 'பாத்திமாக்களுக்கு முக்காடுகளாகப் பங்கிட்டுக் கொடுங்கள்' என்றார்களாம். ஹதீஸில் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் அத்தனை பேர்! அரபியில் இந்தப் பெயருக்கு 'ஃபவாத்திம்' என்று பன்மையே உண்டு.

சரி, மதுரையில் பாத்திமா கல்லூரி கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்றே, பல கத்தோலிக்கக் குடும்பங்களில் பாத்திமா மேரி இருக்கிறார்களே, அது எப்படி?

அதற்குப் போர்ச்சுகல் போக வேண்டும். பல நூறு ஆண்டுகள் முஸ்லிம்கள் ஆண்ட மண் அது. ஆட்சி போனது, ஊர்ப்பெயர்கள் தங்கிவிட்டன. அப்படித் தங்கிய ஒரு சிற்றூர் ஃபாத்திமா. 1917 மே 13 அன்று அந்த ஊர்ப்பக்கம் ஆடு மேய்த்த லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மாதாவுக்கு 'பாத்திமா அன்னை' என்றும் ஒரு பெயர். மெக்காவில் புழங்கிய பெயர், போர்ச்சுகலைச் சுற்றிக்கொண்டு நம் ஊர் தேவாலய வாசலுக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு மறக்க முடியாத பாத்திமா ஒருவர் உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்த பாத்திமா பீவி. 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பிறகு 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநர்.

எழுத்துக்கூட்டல்தான் பலருக்குத் தலைவலி. பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமாள்... எதுவும் தப்பில்லை. துருக்கியில் ஃபத்மா, ஈரானில் ஃபாத்தெமே, செனகலில் சுருக்கமாக ஃபாத்து. கேரளத்தில் பாத்தும்மா. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்தும்மாவின் ஆடு' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பாத்தும்மாவைவிட, எழுத்தாளரின் புத்தகங்களையே மென்று தின்ற அவள் ஆடுதான் முதலில் ஞாபகம் வரும்.