பேரரசன் பெயர் தெரியும். மண் சுமந்தவன் பெயர்?



2020 டிசம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சி ‘தா சின் ஃபூ’ என்றொரு நெடுந்தொடரை ஒளிபரப்பியது. மொத்தம் 78 பகுதிகள். சீனத்தின் முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங் ஆறு நாடுகளை அடித்து நொறுக்கி, கி.மு. 221இல் எல்லாவற்றையும் தன் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்த வெற்றிதான் கதையின் உச்சம். குதிரைகளுக்கும் கொடிகளுக்கும் வீர வசனங்களுக்கும் குறைவில்லை. கொடுங்கோலனுக்குக் காவடி தூக்குகிறார்கள் என்று சீனப் பார்வையாளர்களிலேயே பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது.

தொடருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? “அவன் கடுமையானவன்தான். ஆனால் ஒரே எழுத்து, ஒரே நாணயம், ஒரே எடை அளவு, வண்டி அச்சுக்கு ஒரே அகலம், எல்லாம் தந்தவன் அவன்தானே? நாடு ஒன்றுபட இரும்புக்கரம் வேண்டாமா?”

இரும்புக்கரம் என்று யார் புகழ்ந்தாலும் உழைக்கிறவன் ஒன்று கேட்க வேண்டும்: அந்தக் கரம் யார் கழுத்தைப் பிடித்தது?

பேரரசனின் கல்லறைக்கும் அரண்மனைக்கும் 7 லட்சம் பேர் பிடித்துவரப்பட்டார்கள் என்று எழுதுகிறார் பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென். கி.மு. 213இல் நூல்கள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு 460க்கும் மேற்பட்ட கற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

1974இல் சியான் நகரருகே கிணறு வெட்டிய விவசாயிகள், அந்தக் கல்லறைக்குக் காவல் வைத்த களிமண் வீரர்களைக் கண்டெடுத்தார்கள். உலகமே போய்ப் பார்க்கிறது. ஆனால் அதே வட்டாரத்தில் சாவ்பெய்ஹூ என்ற கிராமத்தில் தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகளைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? அவை கல்லறை கட்டிய தொழிலாளர்களின் எலும்புகள். சிலரோடு உடைந்த ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. அவற்றில் ஊரும் பேரும் கீறியிருந்தது. ஒருவர் டோங்வூ ஊரைச் சேர்ந்த சிங்ஜி. அந்த ஊர் கிழக்கே ஷான்டோங் பக்கம், பல நூறு மைல் தள்ளி. அபராதப் பணம் கட்ட முடியாமல் உழைத்துக் கழித்தவர் என்ற குறிப்பும் அந்த ஓட்டிலேயே இருக்கிறது.

அப்படி உழைத்துக் கழித்தவர்களுக்குக் கூலிக் கணக்கு என்ன? 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதி என்ற இடத்தில் சின் ஆட்சிச் சட்டங்கள் எழுதிய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. நாளொன்றுக்கு 8 காசு கடனில் கழியும். அரசாங்கச் சோறு தின்றால் 6 காசுதான் என்கிறது அந்தச் சட்டம். சோற்றுக்கு 2 காசு பிடித்தம்! பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு கொடுமையும் அந்த ஆட்சியையாவது காப்பாற்றியதா? கி.மு. 210இல் பேரரசன் செத்தான். மறு ஆண்டே, எல்லைக் காவலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட 900 பேர் மழையில் வழியடைத்து நின்றார்கள். தாமதித்தால் தலை போகும் என்ற நிலையில், எப்படியும் சாவுதான் என்று துணிந்து கலகம் செய்தார்கள். தலைமை தாங்கிய சென் ஷெங் யார்? அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அவர் தோற்றார், கொல்லப்பட்டார். ஆனால் அவர் வைத்த நெருப்பு அணையவில்லை. கி.மு. 206க்குள் சின் பேரரசு மண்ணோடு மண்ணானது. பதினைந்தே ஆண்டு!

ஒரே எழுத்தும் ஒரே அளவையும் மட்டும் அழியவில்லை. பின்னால் வந்த ஹான் அரசர்களும் ஏழைகளை வேலை வாங்கியவர்களே. ஆனாலும் சின் சட்டங்களின் கொடுமையைத் தளர்த்தினார்கள். எழுத்தும் அளவையும் தொடர்ந்தன; ஆட்சியும் இடையில் ஒரு முறை அறுபட்டாலும் ஏறக்குறைய 400 ஆண்டு நடந்தது. இரும்புக்கரம் இல்லாவிட்டால் ஒற்றுமை நிற்காது என்ற வாதத்துக்குச் சீன வரலாறே பதில் சொல்லிவிட்டது.

தொடர் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். திரையில் கோட்டை எழும்போது அவர்களைக் கேளுங்கள்: இந்த மண்ணைச் சுமந்தவன் எந்த ஊர்க்காரன்? அவனுக்குக் கூலி எவ்வளவு? சோற்றுக்கு எவ்வளவு பிடித்தார்கள்? அவன் ஊர் திரும்பினானா?