தரை பளபளக்கிறது, நெஞ்சு புண்ணாகிறது!

பொழுது புலரும் முன்னரே நாட்டில் ஒரு படை எழுந்து விடுகிறது. துடைப்பமும் வாளியும் ஏந்திய படை அது. மருத்துவமனை வார்டுகள், ரயில் நிலையங்கள், பள்ளிக் கழிப்பறைகள், வணிக வளாகங்கள், அலுவலகங்கள் ஆகிய யாவும் நாம் காலடி வைப்பதற்கு முன்னரே கழுவித் துடைக்கப்பட்டு விடுகின்றன. தரை பளபளக்கிறது; பினாயில் மணக்கிறது; "எவ்வளவு சுத்தம்!" என்று மெச்சிக்கொண்டே நடக்கிறோம். அந்தத் தரையைத் துடைத்தவருக்கு ஏன் ஓயாத இருமல், ஏன் விரலிடுக்கில் வெடிப்பு, ஏன் நான்கு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம்.

அவர் கையிலுள்ள வாளியில் என்ன இருக்கிறது? பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் இருக்கிறது. அல்லது திரவ பிளீச் இருக்கிறது. இரண்டிலும் கிருமியைக் கொல்வது குளோரின். கழிப்பறைக் கறையைப் போக்க ஆசிட் தருகிறார்கள். கண்ணாடி துடைக்கும் நீர்மங்கள் சிலவற்றில் அம்மோனியா கலந்திருக்கிறது. தனித்தனியே இருக்கும்போதே இவை கண்ணையும் தோலையும் எரிக்கும். பிளீச்சோடு ஆசிட் கலந்தாலோ, அடுத்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா கலந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு எழும். கறை போகவில்லையே என்று இதையும் கொஞ்சம், அதையும் கொஞ்சம் ஊற்றுகிற கைக்கு இந்த உண்மையை யார் சொல்லியிருக்கிறார்கள்?

குளோரின் வாயு எப்படிப்பட்டது என்பதை உலகம் அறியும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியப் படை எதிரிகளின் மீது ஏவியது இந்த வாயுவைத்தான். பதுங்கு குழியில் இருந்த வீரர்கள் மூச்சுத் திணறி மடிந்தார்கள். நாகரிக உலகம் அதைக் கொடுமை என்று கண்டித்தது. போரில் நச்சு வாயு கூடாதென்று 1925-இல் ஜெனீவாவில் உடன்படிக்கை எழுதியது. போர்க்களத்தில் விலக்கப்பட்ட அந்த வாயு, காற்றோட்டமில்லாத கழிப்பறையில் ஒரு பெண் தொழிலாளியின் முகத்துக்கு நேரே கிளம்பினால், அதற்கு உடன்படிக்கை உண்டா? கண்டனம் உண்டா?

மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தில், தரையில் கொட்டியிருந்த ஆசிட் கலந்த துப்புரவு நீர்மத்தின் மேல் பிளீச் கலந்த இன்னொரு நீர்மம் ஊற்றப்பட்டது. புகை எழுப்பிய அந்தக் கலவையைத் தரையிலிருந்து தள்ளி வெளியேற்ற முயன்ற மேலாளர் உயிரிழந்தார். மேலும் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சட்டமும் சோதனையும் மிகுந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், லேபிள் இல்லாத தண்ணீர்ப் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றிக் கொடுக்கும் நம் நாட்டில் நிலை என்ன என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஒரே நாளில் கொல்லும் விபத்து செய்தியாகிறது. இருபது ஆண்டு மெல்ல மெல்ல அரிப்பதோ எந்தத் தாளிலும் வருவதில்லை. நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் திறனை ஏறத்தாழ 20 ஆண்டுக் காலம் தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வு அது. துப்புரவுத் தொழிலில் இருந்த பெண்களின் நுரையீரல், மற்றப் பெண்களுடையதைவிட விரைவாகத் தளர்ந்தது என்று கண்டார்கள். அந்தத் தளர்ச்சி எவ்வளவு? நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் 10 முதல் 20 ஆண்டுகள் வரை புகைத்தவரின் நுரையீரலுக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒப்பானது என்றார்கள். ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்தறியாத தாய்மார்களின் நெஞ்சுக்கு இந்தத் தண்டனை!

அமெரிக்காவில் 73,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையே வேறு வழியில் சொல்கிறது. வாரந்தோறும் கிருமிநாசினி கொண்டு கருவிகளையும் மேசைகளையும் துடைத்த செவிலியர்களுக்கு, மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 38 விழுக்காடு வரை கூடியிருந்தது. பிளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு, மருத்துவக் கருவிகளை ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைடு, இன்று பல தரைத் துடைப்பு நீர்மங்களில் இருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. செவிலியர் படித்தவர், கேட்கத் தெரிந்தவர், கையுறை கிடைக்கும் இடத்தில் இருப்பவர். அவருக்கே இப்படியென்றால், அவருக்குப் பின்னே வாளியோடு வருகிறவருக்கு?

"அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. கிருமிநாசினி காத்த உயிர்கள் கோடி. 1847-ஆம் ஆண்டு வியன்னா நகரப் பொது மருத்துவமனையில், செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும் என்று விதி செய்தார். ஏப்ரலில் அந்தப் பிரிவில் 100 தாய்மார்களுக்கு 18 பேர் மடிந்து கொண்டிருந்தார்கள். ஜூன் மாதத்தில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது. இதை மறந்துவிட்டு யாரும் பேச முடியாது. நாம் கேட்பதெல்லாம், நோயாளியைக் காக்கும் மருந்து அதைக் கையாளும் தொழிலாளியைக் கொல்ல வேண்டுமா என்பதுதான்.

கொல்ல வேண்டியதில்லை என்பதற்கு ஆதாரம் அளவிலேயே இருக்கிறது. சாதாரணப் பரப்புகளுக்கு 0.1 விழுக்காடு குளோரின் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரத்தம் போன்றவை சிந்திய இடத்துக்கு மட்டுமே 0.5 விழுக்காடு. 100-க்கு 30 பங்கு குளோரின் உள்ள பவுடரானால், 10 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 33 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி அளவு போதும். நடப்பது என்ன? "வாசம் வரவில்லை, இன்னும் இரண்டு பிடி போடு" என்கிறார் மேற்பார்வையாளர். நெடி ஏறினால்தான் சுத்தம் என்ற மூடநம்பிக்கை படித்தவர்களையும் பிடித்து ஆட்டுகிறது. மூக்கில் ஏறும் நெடி சுத்தத்தின் அடையாளமன்று. நுரையீரலுக்குள் போகும் நஞ்சின் அடையாளம்.

கொரோனாக் காலத்தில் இந்த மூடநம்பிக்கை ஆட்சிபீடமே ஏறியதை நாடு கண்டது. 2020 மார்ச் இறுதியில், உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பெண்டு பிள்ளைகளோடு சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினிக் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். பேருந்துக்கு அடிக்க வேண்டியதை மனிதர் மீது அடித்துவிட்டார்களாம்! நம் திருப்பூரிலே ஏப்ரல் 1-ஆம் நாள் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தார்கள். பிற ஊர்களும் அதைப் பின்பற்றின. தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே பின்னர் அவற்றை நிறுத்தச் சொன்னது. மனிதர் மீது தெளிப்பது தீங்கு என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18-இல் அறிவித்தது. நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றமும் இதில் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. பொதுமக்கள் மீது சில நொடி பட்டதற்கே இத்தனை கவலை! நாள்தோறும் எட்டு மணி நேரம் அதே ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்காக எந்த அமைச்சகம் அறிக்கை விட்டது?

ஆசிட்டின் கதையும் அப்படியே. பெண்கள் மீது வீசப்படும் கொடுமை பெருகியதால், 2013-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குவோரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, வாங்கும் காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அவ்வளவு பயங்கரமான பொருள் என்று சட்டமே ஒப்புக்கொண்டதை, ஒரு பிளாஸ்டிக் மக்கில் ஊற்றி, வெறுங்காலோடு நிற்கும் பெண்ணிடம் "கழுவு" என்று கொடுக்கிறோம். இது நீதியா?

ஏன் இந்த அலட்சியம்? துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரை மாற்றித் தூய்மைப் பணியாளர் ஆக்கினார்கள், வரவேற்கிறோம். பெயர் மாறியது, வாளி மாறவில்லை. இந்த வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இந்த வேலைக்கே தள்ளப்பட்டவர்கள். அவர்கள் இருமினால் "குடிக்கிறான்" என்பார்கள். கை வெந்தால் "பழகிவிடும்" என்பார்கள். மேல்மாடியில் இருப்பவர் ஒருவர் தும்மினால் கட்டடமே காலியாகும்!

சட்டத்தைப் பார்ப்போம். தொழிற்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் முக்கியப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது அது. நல்லதுதான். ஆனால் முக்கியப் பணி அல்லாதவை எவை என்று போட்ட பட்டியலின் தலையிலேயே துப்புரவுப் பணியை வைத்திருக்கிறது. மருத்துவமனையில் தரையைத் துடைப்பது முக்கியப் பணி அல்லவாம்! ஒரு வாரம் துடைக்காமல் விட்டுப் பார்க்கட்டும், எந்த அறுவை சிகிச்சை நடக்கிறதென்று! அதுமட்டுமா? 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தால் பொருந்தியது. இன்று அந்த எல்லை 50. நாற்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் சின்னக் காண்ட்ராக்டர் அந்த வலைக்கு வெளியே நிற்கிறார். நஞ்சைச் சுமப்பவர் எவரோ, அவருக்கே பாதுகாப்பு எட்டாக்கனி!

"கையுறை கொடுத்தோம், அவர்கள்தாம் போடுவதில்லை" என்று சாக்குச் சொல்வோர் உண்டு. எந்தக் கையுறை? அளவு பொருந்தாத, ஒரே வாரத்தில் கிழிந்துபோகும் கையுறை. "முகக்கவசம் கொடுத்தோம்" என்கிறார்கள். துணிக் கவசம் தூசியைத் தடுக்கலாம். குளோரின் வாயுவைத் தடுக்காது. "செலவாகுமே" என்கிறார்கள். சன்னலைத் திறந்துவைக்க எவ்வளவு செலவு? அளவுக் குவளைக்கு எவ்வளவு? பாட்டிலில் தமிழில் பெயர் எழுதி ஒட்ட எவ்வளவு? பெரும்பாலான இடங்களுக்குச் சோப்பும் தண்ணீருமே போதும் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதைக் கடைப்பிடித்தால் செலவு குறையுமே தவிரக் கூடாது!

ஆகவே ஆட்சியினரையும் நிர்வாகத்தினரையும் நாம் கேட்பவை ஐந்து. முதலாவது, எந்தக் கிருமிநாசினியும் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் பெரிய எழுத்தில் இல்லாமல் தொழிலாளி கைக்கு வரக்கூடாது; "பிளீச்சோடு ஆசிட் கலக்காதே" என்ற வாசகம் ஒவ்வொரு சாமான் அறையிலும் தொங்க வேண்டும். கையாளும் வேதிப்பொருள் பற்றி அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-லேயே உடன்படிக்கை எழுதிவிட்டது. இரண்டாவது, அரசுக் கட்டடங்களில் ஆசிட் உபயோகம் அறவே நிற்க வேண்டும். மூன்றாவது, அளந்து கலப்பது எப்படி, தெளிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது ஏன் நல்லது என்பதைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்தில் கற்பிக்க வேண்டும். நான்காவது, ஆண்டுக்கொரு முறை நுரையீரல் சோதனை, தோல் சோதனை. நோய் கண்டால் அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடும் மாற்று வேலையும் தர வேண்டும். ஐந்தாவது, காண்ட்ராக்டர் யாராயினும், கட்டடம் யாருடையதோ அவரே இவற்றுக்குப் பொறுப்பு என்று ஆணை பிறக்க வேண்டும்.

நகராட்சி மன்றங்களிலும் தொழிற்சங்கங்களிலும் இருக்கும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சாமான் அறையை ஒரு முறை திறந்து பாருங்கள். எத்தனை பாட்டில்களில் பெயர் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கையுறை இருக்கிறது என்று எண்ணிக் கொண்டு வந்து மன்றத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள். அவர்கள் ஒரு நாள் திணறட்டும். ஆண்டாண்டாக மூச்சுத் திணறும் நம் உழைப்பாளிக்கு அன்றாவது வழி பிறக்கட்டும்!