‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லாதீர்கள்... கெட்டிக்காரக் குழந்தை அதையும் சோதித்துப் பார்க்கும்!

“நம்மளை சாமி படைச்சார்னா, சாமியைப் படைச்சது யாரு?”, “நம்ம சாமிதான் நிஜம்னா, பக்கத்து வீட்டுக்காரங்க கும்பிடுறது?”, “தாத்தா செத்துப்போய் எங்கே இருக்காரு?”

ஐந்தாறு வயதிலேயே இப்படிக் கேட்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? “அப்படியெல்லாம் பேசக் கூடாது, சாமி கண்ணைக் குத்திடும்” என்று அதட்டுகிறோம். அல்லது வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இரண்டிலுமே குழந்தைக்குப் பதில் கிடைப்பதில்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. கண்ணுக்குத் தெரியாத கருத்துகளை அலசும் திறன் பொதுவாக 11, 12 வயதுவாக்கில்தான் வருகிறது என்றார் அவர். மீத்திறன் குழந்தைகள் சிலர் அந்த இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள்.

ஐக்யூ 180-க்கு மேல் உள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர் அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த். அவர் மறைந்த பிறகு, 1942-ல் அந்த ஆய்வு நூலாக வந்தது. அறிவுத்திறன் கூடக் கூட, பிறப்பு, இறப்பு, கடவுள் பற்றிய கேள்விகளும் சீக்கிரமே வருகின்றன என்பது அவர் கண்டது. அறிவு பெரியவருடையது, மனசு குழந்தையுடையது. சிக்கல் அங்கேதான். செத்தவர் திரும்பி வர மாட்டார் என்று ஆறு வயதில் புரிந்துவிடும். ஆனால், அந்த ராத்திரி தூங்குவதற்கு அம்மாவின் கை வேண்டும்.

கேள்வி கேட்டால் நாத்திகரா?

அப்படி ஒரு விதி கிடையாது. ஐன்ஸ்டைனை எடுத்துக்கொள்வோம். மியூனிக்கில் அவர் வளர்ந்த யூதக் குடும்பம் மதச் சடங்குகளைப் பெரிதாகப் பின்பற்றாதது. சிறுவன் ஐன்ஸ்டைனோ தீவிர பக்தன். பன்றி இறைச்சியைத் தொட மாட்டேன் என்று நின்றான். வாரம் ஒருநாள் ஏழை மாணவர் ஒருவருக்கு வீட்டில் சாப்பாடு போடுவது யூதர்களின் பழைய வழக்கம். அப்படி வந்த மாக்ஸ் டால்முட் என்ற மருத்துவ மாணவர் அறிவியல் புத்தகங்களை அறிமுகப்படுத்தினார். 12 வயதில் அந்த பக்தி திடீரென முடிந்துபோனது. வேத நூல் கதைகளில் பல உண்மையாக இருக்க முடியாது என்பதைவிட, தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்ற எண்ணமே அவரை அதிகம் உலுக்கியது. எந்த அதிகாரத்தையும் சந்தேகிக்கும் குணம் அப்போதிருந்து தன்னிடம் தங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கதை வேறு. பெற்றோரை இழந்து, மதப்பற்று மிக்க பாட்டியிடம் வளர்ந்தவர். 15 வயதில் கடவுள், ஆன்மா பற்றிச் சந்தேகங்கள் வந்தன. வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. யாரும் படித்துவிடக் கூடாது என்று ஆங்கில வாக்கியங்களைக் கிரேக்க எழுத்துகளில் நோட்டில் எழுதி வைத்தார். வீடு கேட்க மறுத்ததால் அந்தச் சந்தேகங்கள் மறைந்துவிடவில்லை. அவர்தான் தனியாகிப்போனார்.

நம்ம ஊர் ராமானுஜன்? நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தன் கணிதத்துக்குக் காரணம் என்று சொன்னவராக அவரை நண்பர்கள் நினைவுகூர்ந்தார்கள். நாத்திகரான கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியோ, எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக எழுதினார். ஒரே மனிதருக்குள்ளேயே இத்தனை அடுக்குகள். ஆகவே, நம்பிக்கையையோ மறுப்பையோ வைத்து அறிவை அளக்க முடியாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

‘சாமி கண்ணைக் குத்தும்’ என்ற மிரட்டலை முதலில் விடுங்கள். கெட்டிக்காரக் குழந்தை ஒரு பொய் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்று பார்க்கும். கண் பத்திரமாக இருக்கும். அப்போது சாமி மீதான நம்பிக்கை போகிறதோ இல்லையோ, உங்கள் வார்த்தை மீதான நம்பிக்கை போய்விடும். நாளைக்குப் பள்ளியில் யாராவது தவறாக நடந்துகொண்டாலும், அதைச் சொல்ல உங்களிடம் வருமா?

“எனக்குத் தெரியலைப்பா. நான் இப்படி நம்புறேன். வேற மாதிரி நினைக்கிறவங்களும் இருக்காங்க” - இந்த மூன்று வாக்கியங்கள் போதும். கூடவே, கேள்விக்குப் பின்னால் பயம் இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா எங்கே என்று கேட்கும் பிள்ளை, “நீயும் செத்துருவியா?” என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

பகுத்தறிவு பேசும் வீடுகளுக்கும் இது பொருந்தும். பிள்ளை திடீரென விபூதி பூசிக்கொண்டு வந்தால் கிண்டல் செய்வதும் அதே அதட்டல்தான். அதே நேரம், பாட்டியின் பூஜையைக் கேலி செய்யாமல் இருப்பது வேறு, நம்பாததை நம்புவதாக நடிப்பது வேறு. முதலாவதைச் சொல்லிக்கொடுங்கள்; இரண்டாவதைக் கேட்காதீர்கள்.

1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-வது பிரிவு, சிந்தனை, மனசாட்சி, மத சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு என்கிறது. வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. ஆனால், குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ப அது அமைய வேண்டும்.

பிள்ளை 25 வயதில் கோயிலுக்குப் போகுமா, போகாதா என்பது உங்கள் கையில் இல்லை. எதை நம்பினாலும் வீட்டுக்கு வந்து அதைப் பேசுமா என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது.