மாட்டிறைச்சிக்குப் பதில் வான்கோழி: அந்தப் பழைய ருசி வருமா?

அமெரிக்காவில் 1970களில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'ஸ்லாப்பி ஜோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். மாட்டிறைச்சிக் கொத்துக்கறியை வெங்காயம், குடைமிளகாய், தக்காளி கெச்சப் சேர்த்துத் தளதளவென்று கிளறி, வட்ட பன்னுக்கு நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். கடித்தால் பாதி தட்டில் விழும், கொஞ்சம் சட்டையிலும் விழும். பள்ளி கேன்டீனில் மதியம் கிடைப்பது அதுதான். வேலை முடிந்து வந்த அம்மா அரை மணியில் செய்துபோடும் ராத்திரிச் சாப்பாடும் அதுதான். 1969ல் 'மேன்விச்' என்ற பெயரில் இதற்கான சாஸ் டப்பாவிலேயே வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து, வதக்கிய கறியில் கொட்டினால் வேலை முடிந்தது.

ஸ்லாப்பி ஜோ மட்டுமல்ல. கறியை ரொட்டித்தூளோடு பிசைந்து செங்கல் மாதிரி தட்டி அவனில் வேகவைக்கும் மீட்லோஃப், மொறுமொறு சோள ஓட்டில் அடைத்த டாக்கோ, காரமான சில்லி, 1971ல் வந்த 'ஹாம்பர்கர் ஹெல்பர்' பாக்கெட்டில் செய்யும் பாஸ்தா என்று அந்தத் தலைமுறையின் ராத்திரிகள் எல்லாமே கொத்துக்கறியைச் சுற்றித்தான் ஓடின.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் முதலில் கை வைப்பது இந்தச் சாப்பாட்டில்தான். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவர், கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டுமென்றால் நிறை கொழுப்பைச் சுமார் 13 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க இதயச் சங்கம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 20 சதவிகிதக் கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறியில், பச்சையாக 112 கிராம் எடுத்தாலே ஏறக்குறைய 9 கிராம் வந்துவிடும்.

உடனே வீட்டில் என்ன நடக்கும்? அவித்த கோழியும் இலை தழையும் தட்டுக்கு வரும். ஒரு வாரம் ஓடும், இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது வாரம் அந்த மனிதர் ஆபீஸிலிருந்து வரும் வழியில் காரை பர்கர் கடைக்குத் திருப்பிவிடுவார். பிடித்ததை அடியோடு பிடுங்கினால் பத்தியம் எப்படி நிற்கும்? இந்த இடத்தில்தான் வான்கோழிக் கொத்துக்கறி உள்ளே வருகிறது. ஒரு காலத்தில் வான்கோழி என்றால் நவம்பரில் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு முழுசாக வாட்டி எடுக்கும் பறவை, அவ்வளவுதான். பிறகு கொழுப்பைப் பற்றிய பயம் பரவப் பரவ, கொத்தி பாக்கெட்டில் அடைத்து வருஷம் முழுக்க விற்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் 'வான்கோழி' என்ற பெயரைப் பார்த்ததும் கூடையில் போட்டுவிடக் கூடாது. பாக்கெட்டின் மேல் 85, 93, 99 என்று ஓர் எண் இருக்கும். நூற்றில் அதைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு. 85 என்று போட்டதில் தோலும் தொடைக் கொழுப்பும் சேர்ந்து அரைபட்டிருக்கும். 112 கிராமில் சுமார் 17 கிராம் கொழுப்பு. 93ல் சுமார் 8 கிராம்தான், கலோரியும் 160, 170க்குள் அடங்கும். நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்த 99ல் கொழுப்பு ஒரு கிராம்தான். ஆனால் அதைச் சமைத்தால் வாயில் மரத்தூள் மாதிரி உருளும். வீட்டுச் சமையலுக்கு 93தான் சரி.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மாட்டிறைச்சியிலும் 93 என்று போட்ட பாக்கெட் உண்டு. அதிலும் கொழுப்பு கிட்டத்தட்ட இதே அளவுதான். வான்கோழியில் ஏதோ தனி மகிமை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

இனி ருசிக்கு வருவோம். 'வான்கோழி சப்பென்று இருக்கிறது' என்பதுதான் எல்லோருடைய புகாரும். அது உண்மைதான். மாட்டிறைச்சியின் அந்தக் கனத்த வாசனைக்குக் கொழுப்பு ஒரு காரணம். இதில் அது குறைவு. ஆனால் சின்ன வயதில் சாப்பிட்ட ஸ்லாப்பி ஜோவில் நாக்கில் நின்றது வெறும் கறியின் ருசியா? பொன்னிறமாய் வதங்கிய வெங்காயமும், புளிப்பும் இனிப்புமான தக்காளிச் சாறும், வாணலியின் அடியில் பிடித்த அந்தக் கருகலும் சேர்ந்ததுதானே? அவற்றையெல்லாம் வான்கோழியோடும் சேர்க்கலாம்.

நாலு பேருக்கு 450 கிராம் பாக்கெட் ஒன்று போதும். அகலமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியைத் தட்டையாகப் பரப்புங்கள். மூன்று, நாலு நிமிஷத்துக்குக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். போட்ட கையோடு கிளறினால் கறி தண்ணீர் விட்டு, வறுபடாமல் அந்தத் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துவிடும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் புரட்டி, உதிர்த்து, தனியாக எடுத்து வையுங்கள். அதே வாணலியில் பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், நாலு பல் பூண்டு, கைப்பிடி காளான் போட்டு வதக்குங்கள். காளானைக் கறி அளவுக்கே பொடியாக நறுக்க வேண்டும். கறிக்குரிய அந்த ஆழமான சுவையை அது ஈடுகட்டும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். காளான் என்றாலே ஒதுக்கி வைக்கிற பிள்ளைகள்கூட இதில் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பிறகு இரண்டு ஸ்பூன் தக்காளி பேஸ்ட்டைப் போட்டு, சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும்வரை வதக்கி, கறியையும் ஒரு கப் அரைத்த தக்காளியையும் சேருங்கள். ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு ஸ்பூன் கடுகு சாஸ், கொஞ்சம் சோயா சாஸ், ஒரே ஒரு டீஸ்பூன் பிரவுன் சுகர், மிளகாய்த்தூள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். பத்து நிமிஷம் கொதித்துச் சுண்டினால் தயார். கெச்சப் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஆனால் ஒரு டேபிள்ஸ்பூன் கெச்சப்பில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கிறது. அரை கப் கொட்டினால் 32 கிராம். கொழுப்பைக் குறைத்துவிட்டுச் சர்க்கரையை ஏற்றுவதில் என்ன லாபம்?

மீட்லோஃப் கொஞ்சம் கஷ்டமான பரீட்சை. அதில் மறைந்துகொள்ளச் சாறு கிடையாது, கறிதான் முன்னால் நிற்கும். அதனால் கொழுப்பு போன இடத்தில் ஈரத்தை வைக்க வேண்டும். அரை கப் ஓட்ஸை கால் கப் பாலில் ஊறவைத்து, துருவிய வெங்காயம், வதக்கி ஆறவைத்த காளான், ஒரு முட்டை சேர்த்து, கறியை அழுத்திப் பிசையாமல் விரல் நுனியால் கலந்து தட்டி, 180 டிகிரியில் ஏறக்குறைய 50 நிமிஷம் வைக்கலாம். ஓட்ஸ் கலப்பது புதிய ஆரோக்கிய உத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1930களின் பஞ்சகாலத்தில், கொஞ்சக் கறியை நிறையப் பேருக்குக் காணச்செய்ய அமெரிக்கப் பாட்டிகள் ரொட்டியும் ஓட்ஸும் போட்டுத்தான் ஒப்பேற்றினார்கள். அவனிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிஷம் விட்டால்தான் சாறு உள்ளேயே தங்கும்.

சில்லி செய்வதில் கவலையே இல்லை. சீரகம், மிளகாய், ராஜ்மா எல்லாம் சேர்ந்தபின் உள்ளே இருப்பது எந்தக் கறி என்று யாரும் கேட்கப்போவதில்லை. (பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்று டெக்சாஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.) டாக்கோவும் அப்படித்தான். மேலே தூவும் சீஸை மட்டும் கவனியுங்கள். 28 கிராம் செடார் சீஸில் 9 கிராம் கொழுப்பு. இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டால், வான்கோழியில் மிச்சம் பிடித்தது அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

பர்கருக்கு மட்டும் வான்கோழி சரிவராது. கனமான மாட்டிறைச்சி பர்கரின் அந்தச் சாறும் புகைவாசமும் இதில் வருவதில்லை. பர்கர்தான் வேண்டுமென்று மனசு கேட்டால், மாதத்துக்கு ஒருமுறை அசலையே சின்னதாகச் சாப்பிட்டுவிடுவது மேல்.

எதைச் செய்தாலும் ஒன்றில் சலுகை கிடையாது. அரைத்த கோழி, வான்கோழிக் கறி நடுவில் 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும். நிறத்தை வைத்து வெந்ததா என்று முடிவு செய்ய முடியாது. ஊசி மாதிரி குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். கொத்திய கறியைக் கழுவவும் கூடாது. உறைந்த பாக்கெட்டை முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மாற்றிவைத்து இளகவிடுங்கள்.

நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நம்மூர் அம்மாக்களுக்கும் இந்த 93 பாக்கெட் உதவும். பேரன் பேத்திக்கு டாக்கோ செய்த மறுநாள், அதே கறியில் கோலா உருண்டை உருட்டலாம். ஆட்டுக் கொத்துக்கறியைவிட இது கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். அதனால் பொட்டுக்கடலை மாவை வழக்கத்தைவிட இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டு, அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு உருட்டினால் எண்ணெயில் உடையாது. பணியாரச் சட்டி கையோடு போயிருந்தால், எண்ணெயும் குழிக்கு ஒரு டீஸ்பூன் போதும்.