வளைகோட்டுக்கு வெளியே வன்னி

மணமான புதிதில் இல்லற இன்பம் உயர்ந்திருக்கும்; பிள்ளைகள் பள்ளி செல்லுங் காலத்தில் தாழும்; அவர்கள் வீட்டை விட்டு அகன்றபின் மீண்டும் உயரும் என்று கற்பிக்கப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் றொலின்சும் பெல்ட்மனும் 799 தம்பதியரை எட்டுக் கட்டங்களாகப் பகுத்து 1970-இல் வரைந்த வளைகோடு இது. அத்தனை பேரும் நடுத்தர வர்க்கத்தினர். பிரிந்தோரும் துணையிழந்தோரும் கணக்கில் இல்லை. அதே தம்பதியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளிவந்த ஆய்வொன்று, பிற்கால உயர்வைக் காணவில்லை. ஆயினும் "பொறுத்துக்கொள் பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்ற பழைய உபதேசத்துக்கு இன்று விஞ்ஞானப் பட்டாடை உடுத்தப்படுகிறது. நாம் இதை மறுக்கிறோம்.

ஆட்சேர்ப்புக்குத் தப்பவென்றே இளவயதில் தாலி ஏறிய வன்னிப் பெண்கள் எத்தனை பேர்! அவர்களது புதுமணக் காலம் பதுங்குகுழியிற் கழிந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிய, பலரது அடுத்த கட்டம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், தறப்பாளின் கீழ்த் தொடங்கியது. 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கி அமர்ந்த பெண்களை எட்டில் எந்தக் கட்டத்திற் சேர்ப்பது? சரணடைந்த கணவன் உயிரோடிருக்கிறானா என்றறியாதவள் சுமங்கலியா, விதவையா? பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எந்தக் கோடு உயர்ந்தது? 2016-இல் அரசு அவளுக்குக் காணாமற்போனமைச் சான்றிதழ் என்றொரு கடதாசியை ஏற்பாடு செய்தது. (கேட்டது கணவனை.)

கணவன் வீட்டிலிருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தேசவழமைக்குட்பட்ட மனைவி, தன் சீதனக் காணியைத்தானும் கணவனது எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாது என்கிறது 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணவன் இருக்குமிடம் தெரியாதாயின் மாவட்ட நீதிமன்றப் படி ஏறவேண்டும். குடியேற்றத்திட்டக் காணிகளிலோ, 1935-இன் காணி அபிவிருத்திச் சட்டம் வாரிசுரிமையில் மகனை முன்னும் மகளைப் பின்னும் நிறுத்தியது. அதைத் திருத்த 2022 வரை சென்றது. காணியில் அவளுக்கு அதிகாரமில்லை. கடனில் மட்டும் அவளே கையொப்பக்காரி! நுண்கடன் கம்பனிகளின் தவணைக்காரர் வாரந்தோறும் படலைக்கு வந்தனர். வரட்சி மாவட்டப் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை 2018-இல் அரசே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. தவணை நாளில் மூளும் சண்டையைப் பார்த்து மனப்பொருத்தம் தேய்ந்துவிட்டது என்று சொல்வோரைக் கேட்கிறோம்: தேய்ந்தது மனமா, மடிச்சீலையா?

1911-இன் அந்தச் சம்மதப் பிரிவை நீக்குக. காணி அனுமதிப்பத்திரங்களில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதுக. ஆசிரியத் தோழர்கள் அவ்வளைகோட்டைக் கரும்பலகையில் வரையும்போது, இந்தச் சட்டங்களையும் அதனருகே எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறோம்.