ஒரு நாள் காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டா?

சென்னை தி.நகர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடும் பெண்ணுக்கு ஒரு நாள் காய்ச்சல். மறுநாள் வேலைக்கு வந்தால், "டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே?" என்கிறார் மேனேஜர். பல கடைகளில் இதே கதைதான். கஞ்சி குடித்துப் படுத்தால் தீர்கிற காய்ச்சல்! அதற்குப் போய் கிளினிக்கில் காத்துக் கிடக்கணுமாம். டாக்டர் பீஸ், ஆட்டோ காசு போனால் அன்றைய சம்பளத்தில் மிச்சம் என்ன?

கடை ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு என்கிறது தமிழ்நாடு கடைகள் சட்டம், 1947. சீட்டு இல்லாவிட்டால் அதிலும் கை வைக்கிறார்கள். பொய் லீவு போடுகிற ஆசாமி எப்படியாவது ஒரு சீட்டு வாங்கிவிடுவான். மாட்டுவது நிஜமாகவே சுருண்டு படுத்தவள்தான். இங்கிலாந்தில் 7 நாள் வரை தொழிலாளி தானே எழுதிக் கொடுத்தால் போதும். இங்கே 2 நாளுக்காவது முதலாளிகள் நம்பக் கூடாதா?